பெருங்காய வாசனை

ஹூஸ்டன் பக்கத்துத் தமிழர்களிடம் "கேஸ் வேலைல இருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த கேள்வி "எந்த கம்பெனி?" என்றுதான் வரும். இங்கே பாதிப் பேருக்கு எண்ணெய், எரிவாயுக் கம்பெனிகளில்தான் உத்தியோகம். "கம்பெனி இல்லைங்க, வீட்டுக்குள்ள அடுப்புக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் வர்ற கேஸ் பைப் போடறேன்" என்றால் "ஓ, நைஸ்" என்று ஒன்று வரும் பாருங்கள், அந்த நைஸுக்குப் பதிலாக நாலு திட்டு திட்டிவிட்டுப் போகலாம். கோவில் கேன்டீனில் தோசைக்கு வரிசையில் நிற்கும்போது இந்த நைஸை நிறைய வாங்கியிருக்கிறேன். வாங்கிக்கொண்டு தோசையையும் வாங்கிக்கொண்டு தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவேன்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை ஒன்றும் பெரிதில்லை. கணவருக்கு கலிஃபோர்னியாவில், சான்டா கிளாராவில் வேலை கிடைத்தது. முதலில் வேலைக்காகப் போனார். பிறகு போனவர் போனவர்தான். விவாகரத்துக் கையெழுத்தெல்லாம் முடிந்தபோது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. குழந்தை இல்லை. ஊரில் வாங்கிய கெமிஸ்ட்ரி டிகிரி ஒன்று இருந்தது, பெட்டிக்குள். ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் ஒரு சின்ன அபார்ட்மென்ட் பிடித்துக்கொண்டு மளிகைக் கடை கவுன்டரில் நின்றேன். ஒரு குளிர்காலத்தில் வாட்டர் ஹீட்டர் கெட்டுப் போய், அதைச் சரிசெய்ய வந்தது ஒரு பெண். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். பெற்றோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள், இவள் இங்கேயே பிறந்தவள். பக்கத்தில் நின்று நான் கேட்ட கேள்விகளைப் பார்த்துவிட்டு, "உனக்கு இது பிடிக்கிறதென்றால் என்னுடன் வாயேன், எனக்கு ஆள் வேண்டும்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று நினைத்தேன். அடுத்த வாரமே அவள் வேனில் ஏறிவிட்டேன். அன்றிலிருந்து அவள்தான் என் முதலாளி.

எங்கள் மாநிலத்தில் வீட்டு கேஸ் பைப் வேலை பிளம்பர் லைசென்ஸுக்குள் அடக்கம். பயிற்சியாளராகப் பதிந்துகொண்டு, லைசென்ஸ் உள்ளவரின் கண்பார்வையில் வருடக்கணக்காக வேலை செய்த பிறகுதான் பரீட்சை எழுதவே விடுவார்கள். அதுவரை தனியாக ஒரு நட்டைத் திருகினாலும் தப்பு. கேஸ் பைப் என்றால் கறுப்பு இரும்புக் குழாய். அளந்து வெட்டி, முனையில் மரை போட்டு, வெள்ளைப் பசையைத் தடவி, ஒன்றுக்குள் ஒன்றைத் திருகி இறுக்க வேண்டும். நான் குள்ளம், ஒல்லி. அதனால் பரண் வேலை எல்லாம் என் தலையில். டெக்சாஸ் வெயிலில் கூரைக்கு அடியில் தவழ்ந்து போனால், பஞ்சு போலப் பரப்பி வைத்திருக்கும் கண்ணாடி நார் கழுத்து, முழங்கை எல்லாம் குத்தி ராத்திரி வரை அரிக்கும். கீழே முதலாளி, மேலே நான். இரண்டு பேரும் வேலை செய்கிறோம் என்று பெயர், பேச ஆள் கிடையாது. மத்தியானம் அவள் வேனின் முன் சீட்டில் தன் பிள்ளைகளோடு போனில் ஸ்பானிஷில் கொஞ்சிக்கொண்டிருப்பாள். நான் பின்பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தயிர் சாதம் சாப்பிடுவேன்.

சாயங்காலம் மட்டும் ஒரு போன் வரும். என் சிநேகிதி. நாங்கள் இரண்டு பேரும் ஒரே வருடம் அமெரிக்கா வந்தவர்கள். ஒரே பார்க்கிங் லாட்டில் கார் ஓட்டக் கற்று, ஒரே கம்பத்தில் ஆளுக்கு ஒரு தடவை இடித்தவர்கள். விவாகரத்துக்குப் பிறகு மற்ற வீடுகளின் பிறந்தநாள், பாட்லக் விருந்து அழைப்பெல்லாம் ஒவ்வொன்றாக நின்றது. யாரும் சண்டை போடவில்லை, மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். இவள் மட்டும் மறக்கவில்லை. ஆபீஸ் முடிந்து ஃப்ரீவேயில் ஏறியதும் கூப்பிடுவாள். "சொல்லுடி, இன்னைக்கு எந்தப் பரண்ல ஏறின?" என்பாள். நான் அரிப்பைப் பற்றிப் புலம்புவேன், அவள் மேனேஜரைப் பற்றிப் புலம்புவாள். அந்த ஒரு போன் இல்லையென்றால் பல நாட்கள் நான் தமிழில் வாயைத் திறந்தே இருக்க மாட்டேன். அதை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் அழுதுவிடுவேன், அவள் ஃப்ரீவேயில் இருக்கிறாள், எதற்கு வம்பு என்று விட்டுவிடுவேன்.

அவள் வீடு வாங்கினாள். புதுசு இல்லை, ஒருவர் இருந்து விற்ற வீடு. நம் ஆட்கள் இங்கே வீடு வாங்கியதும் செய்கிற முதல் காரியம், கராஜில் ஓர் அடுப்பு வைப்பது. தாளிப்பு வாசனை கார்ப்பெட்டில் ஏறிவிடக் கூடாதாம். வடை சுடுவது, கருவாடு வறுப்பது எல்லாம் காருக்குப் பக்கத்தில். அவளுக்கும் அந்த ஆசை வந்தது. "நீதான் இருக்கியே, ஒரு லைன் இழுத்துக் குடுடி" என்றாள்.

"நான் தனியா பண்ணக் கூடாது. என் முதலாளிய கூட்டிட்டு வர்றேன். பர்மிட் வாங்கி, சிட்டி இன்ஸ்பெக்டர் வந்து பாத்துட்டுப் போகணும்" என்றேன்.

"அதெல்லாம் எப்ப முடியறது? கிரகப்பிரவேசம் அடுத்த வாரம் வெச்சாச்சு. சரி விடு, இவர் யாரையோ பாத்து வெச்சிருக்காராம்."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். "முடிஞ்சிடுச்சுடி. சில்லறை ரிப்பேர் பண்ற ஹேண்டிமேன் ஒருத்தன் ஒரே நாள்ல போட்டுட்டான். சூப்பரா எரியுது."

"டெஸ்ட் பண்ணானா?"

"அதான் எரியுதே, அப்புறம் என்ன டெஸ்ட்?"

பதில் சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். இருக்கிற ஒரே ஆளிடமும் வாத்தியாரம்மா வேலை பார்க்க வேண்டாம் என்று தோன்றியது. "வந்து பாக்கறேன்" என்று மட்டும் சொன்னேன்.

கிரகப்பிரவேசத்துக்கு அவள் மாமியார் சென்னையிலிருந்து வந்திருந்தார். விவாகரத்தான பெண் மங்கல காரியத்தில் முன்னால் நிற்பதை அவர் விரும்பவில்லை என்று எனக்குக் காற்றுவாக்கில் வந்துவிட்டது. நானே ஏதாவது சாக்குச் சொல்லி ஒதுங்கப் பார்த்தேன். சிநேகிதி விடவில்லை. "நீ வரலைன்னா நான் பால் காய்ச்ச மாட்டேன், அவ்ளோதான்" என்றாள். ஒரு பழைய பட்டுப்புடவையைத் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் செருப்புக் குவியல். வெளியே மே மாத வெயில், ஜன்னல் எல்லாம் சாத்தி உள்ளே ஏசி. ஹோமப் புகைக்கு அலாரம் அலறிவிடக் கூடாது என்று கூரையில் இருந்த அத்தனை ஸ்மோக் அலாரத்துக்கும் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். இதுவும் இங்கே எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஹாலில் அலுமினியத் தட்டில் செங்கல் அடுக்கி அக்னி வளர்த்திருந்தார் வாத்தியார். சிநேகிதியும் கணவரும் மணையில். அவள் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே "வா வா" என்றாள். மாமியார் புன்னகைத்தார். நான் எங்கே உட்காருவது என்று தெரியாமல், சாப்பாட்டுத் தட்டுகளைக் கவனிக்கிறேன் என்று சொல்லி உள்பக்கம் போய்விட்டேன். விசேஷ வீடுகளில் எனக்கென்று ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டுவிடுவேன். சும்மா நின்றால்தானே தனியாக நிற்பது தெரியும்.

சமையலறைக்கும் கராஜுக்கும் நடுவில் துணி துவைக்கிற அறை. அங்கேதான் ரெஸ்டாரண்டிலிருந்து வந்த தட்டுகளை ஃபாயில் போட்டு மூடி வரிசையாக வைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் ஒரு வாசனை மூக்கில் அடித்தது. என் பின்னாலேயே தண்ணீர் பாட்டில் எடுக்க வந்த ஒரு அங்கிள் மூச்சை நன்றாக இழுத்து, "ஆஹா, சாம்பார்ல பெருங்காயம் தூக்கலா போட்டிருக்கான்மா, பேஷ்" என்றார்.

வீட்டுக்கு வரும் எரிவாயுவுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டுமே என்று ஒரு கெட்ட நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். அழுகின முட்டை மாதிரி என்று வெள்ளைக்காரர்கள் சொல்வார்கள். நமக்கு அது நேரே பெருங்காய டப்பா. வெள்ளைக்காரன் வீடாக இருந்தால் இந்த நாற்றத்துக்குப் பதறியடித்து வெளியே ஓடியிருப்பான். நாங்கள் பேஷ் என்கிறோம். சரி, நானும் தமிழச்சிதானே? சாம்பார் தட்டின் ஃபாயிலைத் தூக்கி முகர்ந்தேன். பெருங்காயம். மூடிவிட்டுக் கராஜ் சுவர்ப் பக்கம் போய் முகர்ந்தேன். அதுவும் பெருங்காயம். இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் மூக்கு மரத்துப்போய் எதுவுமே தெரியாது. "மூக்கு ஒரு எச்சரிக்கைதான், அதை மட்டும் நம்பாதே" என்று முதலாளி தினம் பாடுவாள்.

கராஜுக்குள் போய் வாட்டர் ஹீட்டரின் கேஸ் குமிழை மூடினேன். இரண்டு அடுப்பையும் அன்று இன்னும் பற்ற வைக்கவில்லை, முகூர்த்தத்துக்குக் காத்திருந்தன. வெயில் காலம், வீட்டு ஹீட்டரும் ஓடாது. ஆக, வீட்டில் கேஸ் குடிக்கிற எதுவும் இப்போது ஓடவில்லை. வேலிக்கும் ஏசி பெட்டிக்கும் நடுவில் இருந்த மீட்டரிடம் போனேன். அதில் ஒரு சின்ன முள் உண்டு. ஒன்றும் ஓடாதபோது அது அசையக் கூடாது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புல்லில் குந்தி அதையே பார்த்தேன். அசைந்தது. மெதுவாக, நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

முதலாளிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஞாயிறு, சர்ச்சில் இருப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் மந்திரம் கேட்டது, யாரோ சிரித்தார்கள், ஒரு குழந்தை அழுதது. இந்தப் பக்கம் நானும் அந்த முள்ளும். பயிற்சியில் இருக்கிற ஒருத்தி, அவள் பேச்சை யார் கேட்கப் போகிறார்கள்? தப்பாகப் பார்த்துவிட்டேனோ என்று மறுபடி பார்த்தேன். அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. காரிலிருந்து ரெஞ்சை எடுத்து வந்து மீட்டரின் வால்வைக் குறுக்காகத் திருப்பி கேஸை நிறுத்தினேன். ஆனால் ஏற்கனவே கசிந்து சுவருக்குள்ளும் அறைக்குள்ளும் நிற்பதை யார் நிறுத்துவது? நாலு எட்டில் அக்னி எரிந்துகொண்டிருக்கிறது.

உள்ளே போய்ச் சிநேகிதியின் காதருகே குனிந்தேன். "கேஸ் லீக் ஆகுது. எல்லாரும் வெளிய போகணும்."

"சாம்பார்டி அது. எனக்கும்தான் வாசனை வருது."

"இல்லடி, மீட்டர் ஓடுது. இப்பதான் பாத்துட்டு வர்றேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பூர்ணாஹுதி முடியப் போகுது. கொஞ்ச நேரம். ஹோமத்தைப் பாதில நிறுத்தினா அத்தை உயிரையே விட்டுடுவாங்க. ப்ளீஸ்டி. இன்னைக்கு மட்டும் வேண்டாம்."

அவள் கணவர், "பைப் எல்லாம் புதுசுங்க, இப்பதான் போட்டது" என்றார், பொறுமையாக. தண்ணீர் பாட்டில் அங்கிள் பின்னாலிருந்து, "அம்மா, அது பெருங்காயம்மா" என்றார். ஹாலே சிரித்தது. நல்ல சிரிப்புதான், கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்பு. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அடப் பாவிகளா, தினம் தினம் பரணில் வெந்து கற்றுக்கொண்டு வந்தது இந்தச் சிரிப்பைக் கேட்கவா? அக்னிக்குப் பக்கத்தில், காய்ச்சுவதற்கென்று பூ வைத்த வெள்ளிச் செம்பில் பால் இருந்தது. எடுத்து அப்படியே நெருப்பில் கவிழ்த்தேன்.

உஸ்ஸென்று புகை. பால் தீய்ந்த நாற்றம். "எல்லாரும் எழுந்திருங்க! வாசல் வழியா வெளிய போங்க! சுவிட்சைத் தொடாதீங்க, காரை ஸ்டார்ட் பண்ணாதீங்க, குழந்தைங்கள தூக்கிக்கோங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கேஸுக்குப் பயந்து போனார்களா, எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று போனார்களா, தெரியாது. போனார்கள்.

எதிர்ப்பக்க நடைபாதையில் பட்டும் வேட்டியுமாக அத்தனை பேரும் வெயிலில் நின்றோம். நாயோடு வந்த பக்கத்து வீட்டுக்காரர் என்ன விசேஷம் என்று விசாரித்தார். மாமியார் செருப்பில்லாமல் சுடுகிற சிமென்ட்டில் காலை மாற்றி மாற்றி வைத்தபடி, மகனிடம் மெல்லிய குரலில், "நான் முன்னாடியே சொன்னேன் இல்லப்பா" என்றார். என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். வாத்தியார் மட்டும் என்னிடம் வந்து, "பரிகாரம் இருக்கும்மா, பண்ணிக்கலாம். உயிர் முக்கியம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டு விசேஷத்துக்கு நேரமாகிவிட்டதென்று வண்டி கேட்டு நின்றார்.

நான் கூப்பிட்டதும் கேஸ் கம்பெனி ஆள் வந்தார். மோப்பக் கருவியைத் துவைக்கிற அறைச் சுவரில் வைத்ததும் அது கதறியது. சுவருக்குள் ஒரு இணைப்பைச் சரியாக இறுக்காமல் விட்டிருந்தான் ஹேண்டிமேன். எல்லோரும் வெளியே வந்தது நல்லதாயிற்று என்று அவர் வீட்டுக்காரரிடம் சொல்லி, மீட்டருக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் போனார். அவர் சொன்னதை அந்த நடைபாதையில் யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்லவில்லை. சிநேகிதி என் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் வேனில் எல்லாவற்றையும் முதலாளியிடம் ஒப்பித்தேன். மீட்டரை மூடியது சரி என்றாள். நெருப்பை நோக்கி உள்ளே போனது முட்டாள்தனம், கதவில் நின்று கத்தியிருக்க வேண்டும் என்று திட்டினாள். திட்டிவிட்டு, "ஆனால் நீ எல்லோரையும் வெளியே கொண்டுவந்தாய்" என்றாள். அழுதேன். யாராவது ஒருவர் இதைச் சொல்ல மாட்டார்களா என்றுதான் ராத்திரி முழுக்க இருந்தேன். சொன்னது நான் எதிர்பார்த்த வாய் இல்லையே என்பதுதான் அழுகை.

சாயங்காலப் போன் நின்றுபோனது. நான் செய்த மெசேஜுக்கு இரண்டு நீல டிக் வரும், படித்துவிட்டாள் என்று தெரியும், பதில் வராது. வேலை முடிந்து வரும்போது போனை டாஷ்போர்டில் நிறுத்தி வைத்துக்கொண்டு ஓட்டுவேன். அது சும்மா இருக்கும். கோவிலில் ஒரு ஆன்ட்டி, "ஒண்ணும் ஆகலையேம்மா, நீ கொஞ்சம் அவசரப்பட்டுட்டே" என்றார். ஒன்றும் ஆகாததுதான் என் குற்றம். வீடு வெடித்திருந்தால் என்னைக் கும்பிட்டிருப்பார்கள் போலிருக்கிறது. தீபாவளிக்கு முறுக்கு வாங்கி வந்து, எதிரே டிவியைப் போட்டுக்கொண்டு தின்றேன். அந்த வருடம்தான் எனக்குள்ளேயே பேசிக்கொள்ளும் பழக்கம் வந்தது. பரணில் தவழும்போது, "இன்னைக்கு எந்தப் பரண்?" என்று நானே கேட்டு நானே பதில் சொல்வேன்.

தை பிறந்த பிறகு ஒரு நாள் முதலாளி வேனைத் திருப்பிய தெரு தெரிந்த தெருவாக இருந்தது. சிநேகிதியின் கணவர்தான் கூப்பிட்டிருக்கிறார், கராஜ் லைனை முறைப்படி போட்டுக் கொடுக்கச் சொல்லி. அப்போது அந்த லைனை மட்டும் அடைத்துவிட்டு மீட்டரைத் திறந்திருக்கிறார்கள், இத்தனை நாள் கராஜ் அடுப்புக்கு இணைப்பே இல்லாமல் இருந்திருக்கிறது. "நீ வேண்டுமானால் வேனில் இரு" என்றாள் முதலாளி. நான் ரெஞ்சுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கோபமாவது ஒன்றாவது, சிநேகிதியைப் பார்த்தால் போதும் என்று இருந்தது.

முதல் நாள் குழாய் வெட்டிப் பொருத்தினோம். காற்றை அடைத்து, அழுத்தம் காட்டும் கடிகாரத்தை மாட்டினோம், முள் அசையாமல் நின்றது. இன்ஸ்பெக்டர் வந்து தலையாட்டிவிட்டுப் போனார். சிநேகிதி கதவைத் திறந்துவிட்டு மாடிக்குப் போனவள்தான். கடைசி நாள் முதலாளி, "இன்றைக்கு நீ திற. நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்" என்றாள். இத்தனை காலத்தில் முதல் முறையாக ஒரு வீட்டுக்குக் கேஸை நான் திறந்தேன். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தெளித்தேன். ஒரு குமிழி கூட வரவில்லை. முதலாளி ஒவ்வொன்றையும் தானும் பார்த்துவிட்டு, தோளில் ஒரு தட்டுத் தட்டி, சாமான்களை ஏற்ற வேனுக்குப் போனாள். திரும்பினால் துவைக்கிற அறை வாசலில் சிநேகிதி.

"சாப்டியா?" என்றாள்.

"சாப்டேன்."

புது அடுப்பின் திருகைத் தொட்டுப் பார்த்தாள். "நீ பண்ணது சரிடி. அந்த மெஷின் கத்துச்சே, அப்பவே எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன்டி ஒரு போன் பண்ணல?" கேட்டுவிட்டேன். "நாய் மாதிரி காத்திட்டிருந்தேன்."

"எடுப்பேன் போனை. உன் பேரைப் பாத்தா அந்தப் புகைதான் தெரியும். அத்தை ஊருக்குப் போற வரைக்கும் அழுதுட்டே போனாங்க. பையனுக்கு ஜுரம் வந்தா அதனாலதானோன்னு தோணுது, இவருக்கு லேஆஃப்ல வேலை போனப்பவும் தோணிச்சு. நான் இதெல்லாம் நம்பற ஆளா, நீயே சொல்லு? ஆனா தோணுது. நான் என்ன பண்ணட்டும்?"

அவள் கண்ணில் தண்ணீர். என் கண்ணிலும். எதைச் சொன்னால் அவளைத் திரும்பப் பிடிக்கலாம் என்று தேடினேன். வேலைப் பேச்சைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை. "லைன் இப்ப நல்லா இருக்கு. பயப்படாம சமை. ஆனா எப்பவாவது வாசனை வந்தா சுவிட்சைத் தொடாத. பசங்கள கூட்டிட்டு வெளிய போயிடு. போய் என்னைக் கூப்பிடு. எந்நேரமானாலும் சரி, வந்துடறேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "உன்னையா? கேஸ் கம்பெனியத்தானேடி கூப்பிடணும்?"

பரீட்சையில் கேட்டாலும் அதைத்தான் எழுத வேண்டும். "ஆமா," என்றேன். "கம்பெனியத்தான்."